வலிக்கிறபோது செய்யாத டெஸ்ட்

காலைப் பேப்பரை உதறினால் செய்திக்கு முன்னால் ஒரு துண்டு நோட்டீஸ் கீழே விழுகிறது. மூத்த குடிமக்களுக்குச் சலுகை, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், அறுபது எழுபது டெஸ்ட் ஒரே விலையில். முன்பெல்லாம் அந்தப் பட்டியல் சர்க்கரை, கொழுப்பு, யூரியா, கிரியாட்டினினோடு முடிந்துவிடும். இப்போது கடைசியில் கணையம் என்று தனித் தலைப்புப் போட்டு, அதன்கீழ் அமைலேஸ், லைப்பேஸ் என்று இரண்டு பெயர் சேர்த்திருக்கிறார்கள். நம் வயசுக்காரர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் இந்தப் பேக்கேஜ் உசத்தி என்று முடிவு செய்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் வலி இல்லாத மனிதருக்கு இந்த இரண்டு டெஸ்டும் வீண். வலி வந்தவருக்கு இரண்டில் ஒன்று போதும், அது லைப்பேஸ், அதையும் ஒரு தடவை பார்த்தால் போதும். நம்ம ஊரில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். சௌக்கியமாக வாக்கிங் போகிறவருக்கு வருஷா வருஷம் லைப்பேஸ் பார்க்கிறார்கள். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பவருக்கு கேஸ் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாலோ, அதே டெஸ்டைத் தினமும் எடுக்கிறார்கள்.

நீ என்ன டாக்டரா என்று கேட்பீர்கள். இல்லை. மருத்துவச் செலவுப் பில்களைச் சரிபார்க்கும் செக்ஷனில் 11 வருஷம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா. ஊழியர்கள் கொண்டுவந்து கொடுக்கிற பில்லில் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை. எந்த டெஸ்ட் எத்தனை தடவை எடுத்தார்கள் என்பது டாக்டர்களைவிட அந்த மேஜைக்கு நன்றாகத் தெரியும். பிரெஞ்சில் படித்தவன் என்பதால், அங்கே பொதுமக்களும் படிக்கும்படி வைத்திருக்கிற மருத்துவ அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிகிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இயற்கை அறிவியல் வகுப்பில் என்சைம் என்ற சொல்லைச் சொல்லித் தரவில்லை. ‘தியஸ்தாஸ்’ என்பார்கள். 1833-ல் அன்செல்ம் பயேன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், முளைகட்டிய பார்லியை ஊறவைத்த தண்ணீரில் சாராயத்தை ஊற்றி, கீழே படிந்த வெள்ளைப் பொடியை எடுத்தார்கள். அந்தப் பொடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றியது. கிரேக்கத்தில் பிரித்தல் என்று பொருள்படும் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். இன்றைக்கு என்சைம் பெயர்களெல்லாம் ‘ஏஸ்’ என்று முடிகிறதே, அந்த வால் இந்த டயஸ்டேஸிலிருந்து வந்ததுதான். ரொட்டித் துண்டை விழுங்காமல் வாயிலேயே வைத்து மெல்லச் சொல்வார் எங்கள் வாத்தியார். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் இருக்கிற அமைலேஸ் செய்கிற வேலை. சோற்றை மென்றாலும் அப்படித்தான், ஆனால் அந்த வகுப்பில் ரொட்டிதான் உதாரணம்.

எச்சிலில் இருக்கிற இதே சமாசாரத்தைக் கணையமும் சுரக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கிற உறுப்பு. இன்சுலின் தருவது இதுதான் என்பது சர்க்கரைக்காரர்கள் நிறைந்த நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதன் இன்னொரு வேலை, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செரிமான நீரைக் குடலுக்குள் அனுப்புவது. அந்த நீரில் மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின் முதலானவை இருக்கின்றன. கொழுப்பைச் செரிப்பதில் கணையத்துக்குப் பங்கு உண்டு என்று காட்டியவர் கிளோத் பெர்னார். முயலுக்குப் பித்தக் குழாய் ஓரிடத்திலும், கணையக் குழாய் அதற்கு வெகுதூரம் தள்ளியும் குடலில் திறக்கிறது. கொழுப்புத் தின்ற முயலை அறுத்துப் பார்த்தவர், பால் போன்ற வெள்ளைக் கோடுகள் கணையக் குழாய் திறக்கிற இடத்துக்குப் பிறகுதான் தொடங்குவதைக் கண்டார். கணையத்தைப் பற்றிய அவருடைய பெரிய ஆய்வுரை 1856-ல் வெளிவந்தது.

இனி டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். கணையம் திடீரென்று அழற்சி கண்டால், குடலுக்குப் போக வேண்டிய என்சைம்கள் ரத்தத்தில் கசிகின்றன. தெருவில் தண்ணீர் ஓடினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி, ரத்தத்தில் லைப்பேஸ் ஏறினால் கணையத்தில் கசிவு என்று தெரிகிறது. ஆனால் தெருவில் ஓடுகிற தண்ணீரை அளந்து, வீட்டுக்குள் எத்தனை சுவர் இடிந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. லைப்பேஸ் 3,000 இருந்தவர் நாலே நாளில் இட்லி சாப்பிட்டு வீட்டுக்குப் போவதும், 500 இருந்தவர் மூச்சுத் திணறித் தீவிர சிகிச்சைக்குப் போவதும் உண்டு. கசிவு இருக்கிறதா இல்லையா என்று சொல்வதோடு இந்த எண்ணின் வேலை முடிந்தது. நோய் எவ்வளவு கடுமை என்று தெரிய மூச்சு, சிறுநீர் இறங்குகிற அளவு, யூரியா, ரத்தத்தின் கெட்டித்தன்மை, சி.ஆர்.பி. என்று பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

அப்படியானால் இரண்டு டெஸ்ட் எதற்கு? இதற்குப் பதில் வெறும் பழக்கம். கணைய நோய்க்கு ரத்தத்தில் அமைலேஸ் பார்க்கலாம் என்று 1929-ல் அமெரிக்காவில் எல்மன் என்பவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 1932-ல் செர்ரி, கிரண்டால் என்ற இருவர் லைப்பேஸ் அளக்க வழி கண்டார்கள். நோயாளியின் ரத்தநீரை ஆலிவ் எண்ணெயோடு சேர்த்து ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்து, எவ்வளவு அமிலம் வந்தது என்று அளக்க வேண்டும். அவசர வார்டில் யார் ஒரு நாள் காத்திருப்பார்கள்? அதனால் சுலபமான அமைலேஸ் நிலைத்துவிட்டது. இப்போது லைப்பேஸையும் இயந்திரம் சில நிமிஷத்தில் அளந்துவிடுகிறது. காரணம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டில் லைப்பேஸ்தான் நல்ல சாட்சி. ரத்தத்தில் சாதாரணமாக இருக்கிற அமைலேஸில் பெரும்பாதி எச்சில் சுரப்பியிலிருந்து வருவது. பொன்னுக்குவீங்கி வந்தாலும் ஏறும். அது 3 முதல் 5 நாளில் இறங்கியும் விடும். வீட்டில் பெருங்காயம், ஓமத் தண்ணீர், சோடா எல்லாம் பார்த்துவிட்டு நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு அமைலேஸ் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வரும். லைப்பேஸ் 8 முதல் 14 நாள் வரை உயர்ந்தே இருக்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிக அதிகமாகி அதனால் கணையம் புண்பட்டவருக்கும், குடித்துக் குடித்துக் கணையம் ஏற்கெனவே சுருங்கியவருக்கும் அமைலேஸ் ஏறாமலே ஏமாற்றக்கூடும். குடியைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறவர்கள் எல்லாரும் கடற்கரையைப் பார்க்க வருவதில்லை.

பிரான்சில் மருத்துவ விஷயங்களை எடைபோட ‘ஓத் ஓத்தோரித்தே த சாந்தே’ என்று ஓர் உயர் ஆணையம் இருக்கிறது. கணைய அழற்சியைக் கண்டுபிடிக்க லைப்பேஸ் மட்டும் பாருங்கள், அமைலேஸ் வேண்டாம் என்று அது 2009-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனைத் துறை மருத்துவர்களின் சங்கமும் அதையேதான் சொல்கிறது. லேப் நடத்துகிற துறையைச் சேர்ந்தவர்களே ஒரு டெஸ்ட் வேண்டாம் என்கிறார்கள், கவனியுங்கள்.

என் மேஜைக்கு வந்த ஒரு பில் நினைவிருக்கிறது. ஒன்பது நாள் படுக்கை. அமைலேஸ் 9, லைப்பேஸ் 9. முதல் நாளே நோய் உறுதியாகிவிட்டது என்று டிஸ்சார்ஜ் காகிதத்திலேயே எழுதியிருந்தார்கள். மீதிப் பதினாறு வரிகளால் யாருக்கு என்ன தெரிந்தது? சிகிச்சை அந்த எண்ணைப் பார்த்து மாறுவதில்லை. வலி குறைந்ததா, பசி எடுக்கிறதா, சாப்பிட்டது தங்குகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இருந்தும் எண் இறங்கவில்லை என்று பட்டினி போட்டு வைக்கிற கொடுமையும் நடக்கிறது. விதியில் இடம் இருந்ததால் அந்தப் பில் பாஸ் ஆனது. அரசாங்கப் பணம் என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. கையிலிருந்து கட்டுகிற தையற்காரருக்கும் மீன்காரம்மாவுக்கும் வலிக்கும்.

இப்போது நோட்டீஸ் பேக்கேஜுக்கு வருகிறேன், என் கோபம் அதிகம் அங்கேதான்.

ரிப்போர்ட்டில் நார்மல் என்று ஓர் எல்லை போட்டிருக்கிறதே, அது எப்படி வருகிறது? நல்ல ஆரோக்கியமான பலருடைய ரத்தத்தை அளந்து, நடுவில் இருக்கிற 95 சதவீதம் பேரை உள்ளே வைத்துக் கோடு போடுகிறார்கள். அதாவது ஆரோக்கியமானவர்களிலேயே 100-க்கு 5 பேர் கோட்டுக்கு வெளியே இருப்பார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே அடக்கம். அறுபது டெஸ்ட் எடுத்தால் சராசரியாக மூன்று கோடு தாண்டும். நோய் வேண்டாம், கணக்கே போதும். ஒரு டெஸ்டுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டால், இருபது டெஸ்ட் எடுக்கிற ஆரோக்கியசாலிகளில் 100-க்கு 64 பேருக்காவது ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வரும். அந்தத் தடித்த எழுத்துதான் அடுத்த வியாபாரத்துக்கு முதல்.

என் நண்பர் ஒருவருக்கு வயசு 73, சர்க்கரைக்கு கிளிப்டின் வகை மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீரகம் லேசாகத் தளர்ந்திருக்கிறது. வயிற்றுவலி என்பதே அறியாதவர். பேக்கேஜில் லைப்பேஸ் 94 என்று வந்தது. அந்த லேபின் மேல் எல்லை 60. கணைய அழற்சி என்று சந்தேகப்படவே எல்லையைப் போல மூன்று மடங்கு, அதாவது 180 தாண்ட வேண்டும், கூடவே வலியும் இருக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தாலும், அந்த வகை மாத்திரையாலும் லைப்பேஸ் கொஞ்சம் ஏறும் என்பது தெரிந்த விஷயம். யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு அந்தச் சாயம் ஒரு சுமை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு பெரிய ஸ்கேன். அதிலும் ஒன்றுமில்லை. மூன்று மாதம் எண்ணெய் தொடாமல், தூக்கமில்லாமல், புற்றுநோயோ என்று வீட்டம்மாவும் அழுதுகொண்டு இருந்தார்கள். பிறகு ஒரு வயசான டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இந்த டெஸ்டை யாரய்யா எடுக்கச் சொன்னது என்று கேட்டாராம்.

எந்த நோயும் இல்லாமலே சிலருக்கு இந்த என்சைம்கள் வாழ்நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்று 1996-ல் குல்லோ என்ற இத்தாலிய மருத்துவர் எழுதினார். இன்னும் சிலருக்கு அமைலேஸ் ரத்தத்தின் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிப் பெரிய உருண்டையாகி, சிறுநீரில் வெளியேற முடியாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். இவர்களுக்கெல்லாம் வைத்தியமே வேண்டாம். டெஸ்ட் எடுக்காமல் இருப்பதே வைத்தியம்.

முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே என்பார்கள். எது தெரியும்? கணையப் புற்றுநோயை லைப்பேஸ் முன்கூட்டிக் காட்டாது. பல வருஷமாகக் கெட்டுப்போன கணையத்தில் லைப்பேஸ் நார்மலாகவே இருக்கும், கசிய ஒன்றும் மிச்சமில்லாததால். அப்படிப்பட்டவருக்கு மலம் எண்ணெய்ப் பசையாகப் போகும், உடம்பு இளைக்கும். அவருக்கு உரிய டெஸ்ட் மலத்தில் எலாஸ்டேஸ் என்ற இன்னொரு கணைய என்சைமைப் பார்ப்பது. அது ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையம் போதுமான அளவு சுரக்கவில்லை என்று சந்தேகப்படுவார்கள். அந்த டெஸ்ட் எந்த நோட்டீஸிலும் என் கண்ணில் பட்டதில்லை. மலத்தை எடுக்க வீடு தேடி ஆள் அனுப்புவது வியாபாரத்துக்கு ஒத்துவராதோ என்னவோ. வயசான காலத்தில் புதிதாகச் சர்க்கரை வந்து கூடவே எடை குறைந்தாலோ, வலியில்லாமல் கண் மஞ்சளானாலோ, பேக்கேஜுக்குக் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இனி மறுபக்கம். என் தெருவில் இருந்த ஒருவர், என்னைவிட ஆறு வயசு இளையவர். ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் மேல்வயிற்றில் வலி, முதுகுக்குப் பாய்கிறது, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, ஓயாத வாந்தி. ஒரு கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டார்கள். மறுநாளும் அதே ஊசி. ஒரு குழாய் ரத்தம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் லைப்பேஸ் மேல் எல்லையைப் போல 20 மடங்குக்கு மேல். பித்தப்பைக் கல் நழுவி, கணையக் குழாய் திறக்கிற வாயில் அடைத்திருந்தது. அதற்குள் சிறுநீர் நின்றுபோயிருந்தது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். முதல் நாளே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது. இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள், சிலருக்குக் கடுமையாகிவிடுகிறது. ஆனால் முதல் நாளில் நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றுவதும், வலியைக் குறைப்பதும், சிறுநீரகத்தைக் கவனிப்பதும்தான் இதற்கு முக்கியச் சிகிச்சை. அந்த முதல் நாளும் இரண்டாம் நாளும் அவருக்கு கேஸ் ஊசியில் போயின. அதே வருஷம், அதற்கு முன்னால் அவர் பேக்கேஜ் டெஸ்ட் எடுத்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். லைப்பேஸ் நார்மல். அந்தக் காகிதத்தை அவர் மனைவி கிளினிக்கில் காட்டியிருக்கிறார், கணையமெல்லாம் நன்றாக இருக்கிறது என்று.

டாக்டர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. கேஸ் வந்துவிடுமோ என்று பயந்து தேவைக்கு மேல் எழுதுகிறவர்களின் சங்கடமும் புரிகிறது. ஆனால் பயத்துக்குப் பத்து டெஸ்ட் எழுதுகிற கை, வலிக்கு ஒரு டெஸ்ட் எழுத மறப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே பென்ஷன்கார நண்பர்களே, நோட்டீஸ்காரர் போன் செய்தால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்தால் விலை குறையுமா என்றும் கேளுங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும். மேல்வயிற்றில் இதுவரை அறியாத கடுமையான வலி வந்து, ஒரு மணி நேரத்தில் அடங்காமல், முதுகுக்கும் பாய்ந்து, வாந்தியும் இருந்தால் ஓமத் தண்ணீரோடு நிற்காதீர்கள். ரத்தம் எடுக்கிற வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ராத்திரியானாலும் போங்கள். நம் வயசில் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும், ஆகவே முதலில் இ.சி.ஜி. பிறகு, டாக்டர், லைப்பேஸ் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். நோய் உறுதியானால் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். கல்லால் வந்து லேசாகத் தீர்ந்தது என்றால், அதே படுக்கையிலேயே பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதுதான் இப்போது சொல்லப்படுகிற முறை. ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள், அந்த இடைவெளியில் கல் மறுபடி நழுவக்கூடும். மறுநாள் மறுபடியும் அமைலேஸுக்கு ரத்தம் எடுக்க வந்தால், நேற்றைய எண்ணால் தெரியாத எது இன்றைக்குத் தெரியப்போகிறது என்றும் கேட்கலாம். கேட்கிற கிழவனைப் பார்த்து நர்சம்மா முறைப்பார். முறைக்கட்டும்.